ஸ்டேஜ் பியானோவை மிடி கன்ட்ரோலராக வைத்து வாசிப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 88 கீ உள்ள ஸ்டேஜ் பியானோ ஒன்று இருக்கிறது. கனமான ஹேமர் கீகள், விரலுக்கு அவ்வளவு சுகம். அதனால் தனியாக மிடி கீபோர்டு (எந்தக் கீ, எவ்வளவு வேகம் என்ற தகவலைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) வாங்காமல், இதையே யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்கிறேன்.

முதலில் எந்தக் கீயை அழுத்தினாலும் இரட்டை ஒலி கேட்டது. பியானோவின் சொந்த ஒலி ஒன்று, மென்பொருளின் ஒலி இன்னொன்று. லோக்கல் கன்ட்ரோலை (கீ அழுத்தினால் பியானோவே ஒலிக்கும் அமைப்பை) அணைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பியானோவை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் அது பழையபடி ஆன் ஆகிவிடுகிறது. ப்ராஜெக்ட் திறந்ததும், லோக்கல் கன்ட்ரோலுக்கான மிடி கட்டளையான சிசி 122-க்கு 0 (அணை) மதிப்பை ரீப்பரே அனுப்பும்படி வைக்க வழி உண்டா?

பெரிய கவலை வெலாசிட்டிதான், அதாவது கீயை அடிக்கும் வேகத்துக்கான எண். மிடியில் உச்சம் 127. நான் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 105-ஐத் தாண்டுவதில்லை. பியானோவின் டச் அமைப்பை (எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதை) லைட் என்று மாற்றினால் உச்சம் கிடைக்கிறது, ஆனால் மெல்ல வருட வேண்டிய இடமெல்லாம் முரட்டுத்தனமாக ஒலிக்கிறது. அந்த மென்மை போய்விட்டால் அப்புறம் பியானோ எதற்கு? டச்சை நார்மலிலேயே விட்டுவிட்டு, மென்பொருளில் வெலாசிட்டி வளைவின் (வரும் எண்ணை வேறு எண்ணாக மாற்றும் கோட்டின்) மேல்பகுதியை மட்டும் உயர்த்துவது நல்லதா? அப்படிச் செய்தவர்கள் உங்கள் வளைவின் படத்தைப் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம் பெடல். பெடல் நிலையைச் சொல்லும் சிசி 64-இல் 0, 127 இரண்டு மட்டுமே வருகின்றன. நடு மதிப்புகள் இல்லை. கூட வந்தது சாதாரண ஸ்விட்ச் பெடல். பாதி அழுத்துவதையும் உணரும் ஹாஃப் பெடல் மாடல் வாங்கினால் போதுமா, பியானோவின் பெடல் ஜாக்கும் அதற்கு ஒத்துவர வேண்டுமா? வாங்குவதற்கு முன் இதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.