விலங்குக் கூட்டத்தின் ஒழுங்கில் தற்செயலுக்கு என்ன பங்கு?

வலசை எழுதியது:

கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் முன்வைத்த பறவைக்கூட்ட மாதிரியை நிரலாக எழுதிப் பார்த்துவருகிறேன். மிகவும் நெருங்கினால் விலகுதல், அருகில் உள்ளவற்றின் திசையோடு ஒத்துப்போதல், அவற்றின் நடுவிடத்தை நோக்கி நகர்தல் என்னும் மூன்று விதிகளே அதில் உள்ளன. தற்செயல் எண் எதையும் நான் சேர்க்கவில்லை. ஆயினும் ஒரே ஒரு பறவையின் தொடக்க இடத்தைக் கடைசித் தசமத்தில் மாற்றினாலும் சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் வேறு வழியில் போய்விடுகிறது. உண்மையான கூட்டங்களை முன்கூட்டிக் கணிக்க முடியாமல் இருப்பதற்கு இதுவே போதிய விளக்கமா, அல்லது விலங்குகளிடம் மெய்யான தற்செயல் தனியாக உண்டா? கூட்டத்துக்கென்று ஒரு பண்பு எழுவதற்கு அந்தத் தற்செயல் தேவைதானா?

எண்கணியன் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடலாம்: தேவையில்லை. ஜான் கான்வே 1970இல் அறிமுகப்படுத்திய, ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பொறுத்து உயிர்ப்பதோ அணைவதோ ஆகிய கட்ட விளையாட்டில் தொடக்க நிலையைத் தந்துவிட்டால் தற்செயலுக்கு அணுவளவும் இடமில்லை. எனினும் விதிகளில் எங்கும் எழுதப்படாத, தானே நகர்ந்து செல்லும் உருவங்கள் அதில் தோன்றுகின்றன. உங்கள் நிரலில் நீங்கள் கண்டது 1963இல் எட்வர்ட் லொரென்ஸ் வானிலைச் சமன்பாடுகளில் கண்டதற்கு இணையானது. அடுத்த நிலை முற்றிலும் விதிப்படியே அமைகிறது. தொடக்கத்தைப் போதிய நுட்பத்தோடு அளக்க முடியாததால் நம்மால் கணிக்கத்தான் முடிவதில்லை.

ஆனால் தேவையில்லை என்பதும் பங்கே இல்லை என்பதும் வேறு வேறு. பிரசெல்ஸில் ஜான்-லூயி டெனூபூர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் எறும்புப் புற்றையும் உணவையும் ஒரே நீளமுள்ள இரு பாலங்களால் இணைத்தனர். தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் சென்றன. ஏதோ ஒன்றில் தற்செயலாகச் சில கூடுதலாகப் போக, அங்கே அவை விட்டுச்செல்லும் வேதித்தடம் சற்று வலுத்து, அது மேலும் பல எறும்புகளை இழுக்க, முடிவில் பெரும்பாலான எறும்புகள் ஒரே பாலத்தைப் பற்றிக்கொண்டன. ஏதாவது ஒரு பாலம் வெல்லும் என்பதை விதி உறுதிசெய்கிறது; எந்தப் பாலம் என்பதைத் தற்செயல் முடிவுசெய்கிறது. மற்றபடி தற்செயல் ஒழுங்கைக் கெடுப்பதுதான். தமாஷ் விச்செக் குழுவினர் 1995இல் வெளியிட்ட மாதிரியில் ஒவ்வொன்றும் அண்டையில் உள்ளவற்றின் சராசரித் திசையில் நகர்கிறது; அந்தத் திசையில் கலக்கும் தற்செயல் பிறழ்வை, அதாவது இரைச்சலை, கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பொதுத்திசை சிதைந்துவிடுகிறது.

கூர்நோக்கி எழுதியது:

மேலே உள்ள கடைசி இரு வாக்கியங்களை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷ குட்டல் குழுவினர் கரிமீன் கூட்டங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. அவர்கள் 15, 30, 60 மீன்கள் கொண்ட கூட்டங்களின் பொதுத்திசை காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்று அளந்து, அந்தத் தரவிலிருந்தே சமன்பாட்டைப் பெற்றனர். அதில் தற்செயல் கலவாத நியதிப் பகுதியை மட்டும் பார்த்தால் அது கூட்டத்தை ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு திசையில் போகும் குலைந்த நிலைக்கே இழுக்கிறது. இரைச்சல் பகுதியோ கூட்டம் குலைந்திருக்கும்போதுதான் மிகுதியாகவும், எல்லா மீன்களும் ஒரே திசையில் இருக்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கிறது. எனவே குலைந்த கூட்டம் அதே நிலையில் தங்க முடியாமல் உலுக்கப்பட்டு, ஒழுங்கான நிலையை அடைந்தபின் அங்கே நெடுநேரம் நிற்கிறது. ஒவ்வொரு மீனும் அவ்வப்போது தற்செயலாக அமையும் வேறொரு மீனின் திசையைப் படியெடுக்கிறது, எப்போதாவது தன்போக்கில் திரும்புகிறது என்று கொண்டாலே இந்த நடத்தை கிடைத்துவிடுகிறது. கூட்டம் பெரிதாக ஆக இரைச்சல் அடங்குவதால் ஒழுங்கும் குறைகிறது. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது. எண்ணிக்கை கூடினால் ஒழுங்கும் கூடும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள்.

வெட்டுக்கிளிக் குஞ்சுகளைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றும் இதே பக்கம்தான் நிற்கிறது: கூட்டத்தின் பொதுத்திசை தளரும்போது அவை தம் அசைவின் தற்செயல் தன்மையைக் கூட்டிக்கொள்கின்றன.

வலசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம் மீதி. மீன் எப்போதாவது தன்போக்கில் திரும்புகிறது என்கிறீர்கள். அதன் நரம்பணுக்கள் அனைத்தின் நிலையும் தெரிந்திருந்தால் அந்தத் திருப்பத்துக்கும் காரணம் சொல்ல முடியும் அல்லவா? அப்போது இரைச்சல் என்பது நம் அறியாமைக்கு இட்ட பெயராக மட்டுமே ஆகிவிடாதா?

எண்கணியன் எழுதியது:

கரிமீன் ஆய்வை நான் கணக்கில் கொள்ளவில்லை. கூர்நோக்கி சொல்வது சரி. உங்கள் ஐயத்தைப் பொறுத்தவரை, அறியாமையாகவே இருக்கட்டும், அதனால் இந்த விளக்கம் சிறிதும் குலையாது. கணினி தரும் தற்செயல் எண்களும் விதிப்படி பிறப்பவையே. அவற்றை இட்டாலும் அதே ஒழுங்கு கிடைக்கும். ஒரு மீனின் திருப்பம் மற்றவற்றின் திருப்பங்களோடு தொடர்பற்று நிகழ்கிறதா என்பதே கூட்டத்தின் அளவில் பொருட்டாகும் கேள்வி.

உங்கள் நிரலிலேயே இதைச் சோதிக்கலாம். ரெனால்ட்ஸ் மாதிரி அண்டைப் பறவைகள் அனைத்தின் சராசரித் திசையை எடுப்பதால், தற்செயலைச் சேர்த்தாலும் அதன் பெரும்பகுதி சராசரியில் கரைந்துவிடும். மற்ற இரு விதிகளையும் நிறுத்திவிட்டு, சராசரிக்குப் பதிலாகக் கூட்டத்தில் யாதேனும் ஒன்றை மட்டும் தற்செயலாகத் தேர்ந்து படியெடுக்கச் செய்யுங்கள். மிகச் சிறிய வாய்ப்போடு தன்போக்கில் திரும்பவும் விடுங்கள். அந்த வாய்ப்பை மாற்றாமல் 15 பறவைகளுக்கு ஒருமுறையும் 500 பறவைகளுக்கு ஒருமுறையும் ஓட்டி, பொதுத்திசையின் வலிமையை ஒப்பிட்டுப் பாருங்கள்.