புதுப்பிப்பு: நன்கொடையாளர் உறவு வரைபடக் கருவி

நிதி திரட்டும் ஆய்வாளர்களுக்கான உறவு வரைபடம் (எந்த நன்கொடையாளருக்கு யாரைத் தெரியும் என்று கோடுகளால் காட்டுவது) சிக்கிய நூல்கண்டு மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முழு வலையையும் ஒரே திரையில் காட்டுவதை விட்டுவிட்டேன். 50 பேர் இருந்தாலே 1,225 இணைப்புகள் வரை சாத்தியம். கண் எதைப் பிடிக்கும்? இப்போது தேடிய நபர் நடுவில், சுற்றிலும் நேரடித் தொடர்புகள் மட்டும். அடுத்த சுற்றைத் தட்டித் திறக்கலாம்.

பெரிய மாற்றம் கோடுகளில்தான். இருவரும் ஒரே அறங்காவலர் குழுவில் இருந்திருந்தால் பழைய வடிவம் அதை நெருக்கம் என்றே காட்டியது. அது தப்பு. ஒருவர் விலகிய பிறகுகூட மற்றவர் சேர்ந்திருக்கலாம். அதனால் இப்போது பதவிக்காலங்களையும் ஒப்பிடுகிறது. ஊகத்துக்குப் புள்ளிக்கோடு, நேரில் கேட்டு உறுதி செய்ததற்கு முழுக்கோடு. கோட்டைத் தட்டினால் தகவலின் மூலமும் தேதியும் வரும்.

கைபேசித் திரை மட்டும் இன்னும் சரியாகவில்லை.