பிஎஸ்5 முன்பதிவு: பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை, உதவுங்கள்

தாமிரபரணி_97 | 12 ஜனவரி 2021, மதியம் 12.24

இன்று 12 மணிக்கு சோனியின் பிஎஸ்5 விளையாட்டுக் கன்சோலுக்கு முன்பதிவு திறந்ததும் உள்ளே போய்விட்டேன், கூடையில் சேர்ந்தது, முகவரி எல்லாம் நேற்றே போட்டு வைத்திருந்தேன், பணமும் கட்டிவிட்டேன், ஆனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் 'ஸ்டாக் இல்லை' என்று வந்துவிட்டது. 49,990 ரூபாய் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை அழைத்துவிட்டேன், இசைதான் ஓடுகிறது, யாரும் எடுப்பதில்லை. இது ஒன்றரை வருடச் சேமிப்பு. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

கீரிப்பிள்ளை | 12.29

எந்தத் தளம்? கார்டா, யுபிஐயா, நெட் பேங்கிங்கா? ஆர்டர் எண் ஏதாவது வந்ததா?

மலைக்கோட்டை_கேமர் | 12.31

எனக்கும் கிடைக்கவில்லை நண்பா. 12 மணி அடித்து மூன்றாவது நிமிடம் பொத்தானே சாம்பல் நிறமாகிவிட்டது. வீட்டில் மூன்று போன், ஒரு லேப்டாப், நான்கிலும் உட்கார்ந்திருந்தோம். மனது விட்டுப்போனது.

கார்டுக்காரர் | 12.36

உங்கள் டெபிட் கார்டின் தினசரி ஆன்லைன் வரம்பைப் பாருங்கள். சாதாரண கார்டு பலவற்றில் ஒரு நாளைக்கு 50,000 தான் விட்டிருப்பார்கள். கன்சோல் விலை 49,990. காலையில் அதே கார்டில் 340 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தால் போதும், மொத்தம் 50,330 ஆகி வங்கி மறுத்துவிடும். என் தம்பிக்கு இன்று இதுதான் நடந்தது. இன்னொன்று, ஆன்லைனில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கார்டு என்றால் போன அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அந்த வசதியே மூடியிருக்கும், நாம்தான் வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும்.

கீரிப்பிள்ளை | 12.38

அவர் பணம் போய்விட்டது என்கிறார். வரம்பு தாண்டியிருந்தால் பணமே போயிருக்காதே.

கார்டுக்காரர் | 12.41

போனது உண்மையா, இல்லை மறுக்கப்பட்ட குறுஞ்செய்தியைத் தவறாகப் படித்தாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நிலைவட்டு | 12.50

இந்த இழையில் இதுவரை ஒரு பயனுள்ள தகவல்கூட இல்லை. கேட்பவர் தளத்தின் பெயர் சொல்லவில்லை, கட்டணமுறை சொல்லவில்லை, குறுஞ்செய்தியில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. தேடுபெட்டியில் 'பணம் பிடித்தம்' என்று போட்டிருந்தாலே பத்து இழைகள் கிடைத்திருக்கும். நான் பிஎஸ்1 காலத்திலிருந்து விளையாடுகிறேன். பிஎஸ்4 இங்கே 2014 ஜனவரி 6 அன்று 39,990 ரூபாய்க்கு வந்தது, அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்: முதல் நாள் வாங்காதீர்கள். முதல் தொகுதியில் எப்போதும் குறை இருக்கும். ஆறு மாதம் பொறுத்தால் குறையும் தீரும், ஸ்டாக்கும் வரும்.

மலைக்கோட்டை_கேமர் | 12.58

அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அவர் இப்போது வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, போன காசு எப்படித் திரும்பும் என்று கேட்கிறார்.

தாமிரபரணி_97 | மதியம் 1.15

மன்னிக்கவும், வங்கிக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். யுபிஐ. அப்பாவின் கணக்கு, அப்பாவின் போன். என் கணக்கில் அவ்வளவு தொகை இல்லை, நான் மாதாமாதம் அவரிடம் கொடுத்து வைத்ததுதான். 12.03க்கு பின் நம்பர் போட்டேன், 12.04க்கு 'ரூ. 49,990 பற்று வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. கடையின் பக்கத்தில் 'பணம் உறுதிசெய்யப்படுகிறது, இந்தப் பக்கத்தை மூட வேண்டாம்' என்று இருந்தது, நானும் கையை எடுத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு 'என்னாச்சு, வந்துடுச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஐந்து நிமிடம் கழித்து ஸ்டாக் இல்லை என்று மாறிவிட்டது. ஆர்டர் எண் வரவில்லை. தளத்தின் பெயரைப் பொதுவில் சொல்ல விருப்பமில்லை, நாளைக்கு அவர்களிடமேதான் காசு கேட்கப் போக வேண்டும்.

ஈரோட்டுப்_பேரேடு | மதியம் 1.37

நான் வங்கியில் பணப்பரிமாற்றப் பிரிவில் இருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள். பயப்படாதீர்கள் தம்பி, இந்தப் பணம் தொலையவில்லை.

ஆர்டர் எண் வந்ததா என்று கீரிப்பிள்ளை கேட்டதுதான் சரியான கேள்வி. எண் வந்து, பிறகு கடை ரத்து செய்திருந்தால் கடைதான் திருப்பித் தர வேண்டும், அது ஒரு வழி. உங்களுக்கு எண்ணே வரவில்லை. அப்படியென்றால் அப்பா கணக்கிலிருந்து பணம் கிளம்பிவிட்டது, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் கடைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை, அதற்குள் கடையின் கணினி உங்களை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. கூடையில் சேர்ந்தால் பெட்டி நமக்கென்று எடுத்து வைக்கப்படுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கடைகளில் அப்படி இல்லை, பணம் உறுதியான பிறகுதான் இருப்பிலிருந்து ஒன்று கழியும். மதியம் 12 மணிக்கு நாடு முழுக்க ஒரே பொத்தானை அழுத்தினால் அந்தப் பதில் தாமதமாகத்தான் வரும்.

இதற்கென்றே ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டது. யுபிஐயில் வணிகருக்குக் கட்டிய பணம் இப்படி நடுவில் நின்றுவிட்டால் பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய், அதுவும் நாம் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் அவர்களே வரவு வைக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: அப்பாவின் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைப் படம் பிடித்து வையுங்கள். அங்கேயே புகார் பதியும் வசதி இருக்கும், அப்பா பெயரிலேயே பதியுங்கள். நீங்கள் உங்கள் போனிலிருந்து வங்கிக்கு அழைத்தால் கணக்குக்காரர் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் வீண்.

தாமிரபரணி_97 | மதியம் 1.44

அதையேதான் சொன்னார்கள் சார். இப்போது அப்பாவை வைத்துப் பதிகிறேன். மிக்க நன்றி.

சுள்ளெறும்பு | மதியம் 2.10

எல்லாம் பாட் வேலை. மனிதன் முகவரியைத் தேர்ந்தெடுப்பதற்குள் நிரல் பத்து ஆர்டர் போட்டுவிடும். இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, பழைய பொருள் விற்கும் தளத்தில் இப்போதே 'முன்பதிவு உறுதியானது, 70,000' என்று விளம்பரம் பார்த்தேன். என்னைப் போல மாதச் சம்பளத்தில் வாங்குபவன் என்ன செய்வான்?

வேஃபர் | மதியம் 2.26

பாட் இருக்கலாம், ஆனால் மூல காரணம் அது இல்லை. பெட்டியே குறைவு. பிஎஸ்5க்கான சிப்பை ஏஎம்டி வடிவமைக்கிறது, தைவானில் டிஎஸ்எம்சி 7 நானோமீட்டர் முறையில் தயாரிக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோல், ரைசன் 5000 கணினி சிப்புகள், ரேடியான் 6000 கிராஃபிக்ஸ் கார்டுகள் எல்லாம் அங்கேதான், அதே 7 நானோமீட்டர்தான், வந்ததும் போன நவம்பரில் ஒன்றன்பின் ஒன்றாக. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பும் கன்சோலும் கேட்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நவம்பர் 12 அன்றே வந்த பொருளை நாம் பிப்ரவரி 2க்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் பல கடைகளில் குலுக்கல் போட்டு விற்கிறார்கள். செப்டம்பரில் முன்பதிவு குழம்பியபோது சோனியே ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டது.

சுள்ளெறும்பு | மதியம் 2.33

குலுக்கலாவது நியாயம். யாருக்கு வேகமான இணையமோ அவருக்கு என்பதைவிட அது எவ்வளவோ மேல். இங்கேயும் அப்படிச் செய்யட்டும்.

கல்லாப்பெட்டி | மாலை 4.05

சென்னையில் ஒரு விளையாட்டுக் கடையில் வேலை செய்கிறேன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். காலையிலிருந்து போன் கீழே வைக்கவில்லை. 'இருக்கா அண்ணே', 'ஒன்னே ஒன்னு எடுத்து வைங்க', இதேதான். எங்களுக்கு எத்தனை வரும் என்று முதலாளிக்கே கடைசிவரை தெரியாது. ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார்கள், பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை. எங்களைத் திட்டாதீர்கள்.

சுள்ளெறும்பு | மாலை 4.20

உங்கள் கடையைச் சொல்லவில்லை. ஆனால் ரிச்சி தெருவில் ஒரு கடையில் போன வாரம் விசாரித்தேன், இரண்டு கேம், கூடுதலாக ஒரு கன்ட்ரோலர் சேர்த்து வாங்கினால்தான் பெயர் எழுதிக்கொள்வோம் என்றார்கள். கன்ட்ரோலர் மட்டுமே 5,990. எனக்குக் கன்சோல் போதும், எதற்கு இதெல்லாம்?

கல்லாப்பெட்டி | மாலை 4.31

கன்சோலில் எங்களுக்கு நிற்கும் லாபம் மிகச் சொற்பம். வாடகை, கரண்ட் பில் எல்லாம் கேமிலும் உதிரியிலும்தான் வர வேண்டும். சேர்த்துக் கொடுப்பதில் என்ன தவறு? எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதில்லையே.

ஊர்க்குருவி | மாலை 4.52

எம்ஆர்பிக்கு மேல் வாங்கும் கடைகளும் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன். சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருள் விதிகள் 2011ன்படி சில்லறை வியாபாரி அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கினால் வந்து பிடிப்பார்களே, அவர்களேதான். பில்லும் பெட்டியின் விலை அச்சும் தெரியும்படி படம் இருந்தால் புகார் கொடுக்கலாம். பில் தராத கடையில் வாங்கவே வாங்காதீர்கள், ஒரு வருட உத்தரவாதம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

நிலைவட்டு | மாலை 5.15

தேவை அதிகம், இருப்பு குறைவு, விலை ஏறத்தான் செய்யும். இதில் அழ என்ன இருக்கிறது? 70,000 கொடுக்க ஆள் இருக்கிறான், விற்கிறான். பொறுமை இல்லாதவர்கள்தான் அந்தச் சந்தையை வளர்க்கிறார்கள்.

சுள்ளெறும்பு | மாலை 5.22

விளையாட எடுத்தவன் வேறு, விற்பதற்கென்றே நான்கு எடுத்தவன் வேறு. அவன் எடுத்த நான்கில் ஒன்று தாமிரபரணியினுடையது. இதை 'சந்தை' என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

வேஃபர் | மாலை 5.40

நிலைவட்டு அண்ணா, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் நவம்பர் 10 அன்று உலகத்தோடு சேர்ந்து இங்கேயும் இதே 49,990க்கு வந்தது. அதுவும் கையில் சிக்கவில்லை. பொறுத்தால் கிடைக்கும் என்பது பிஎஸ்4 காலக் கணக்கு. இந்த முறை சிப் தட்டுப்பாடு ஆறு மாதத்தில் தீரும் என்று நான் நம்பவில்லை.

நிலைவட்டு | மாலை 5.48

பார்க்கலாம்.

கீரிப்பிள்ளை | 15 ஜனவரி, காலை 10.12

பொங்கல் வாழ்த்துகள். @தாமிரபரணி_97, பணம் வந்ததா?

கார்டுக்காரர் | 15 ஜனவரி, காலை 11.03

நடுவில் பொங்கல் விடுமுறை, பிறகு ஞாயிறு. வங்கி வேலை நாள் ஐந்து என்று எண்ணினால் 20க்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம்.

ஈரோட்டுப்_பேரேடு | 15 ஜனவரி, இரவு 9.30

இல்லை, இதைத் திருத்தியே ஆக வேண்டும், கிளைகளிலேயே சிலர் இப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுற்றறிக்கையில் பரிவர்த்தனை நாள் என்பது நாட்காட்டித் தேதி என்று தெளிவாக இருக்கிறது. யுபிஐ ஞாயிறும் ஓடுகிறது, பொங்கல் அன்றும் ஓடுகிறது. 12ம் தேதி கட்டியது, கெடு 17. 18 முதல் நாளுக்கு 100. வங்கி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஊர்க்குருவி | 15 ஜனவரி, இரவு 9.51

கடைக்கும் எழுத்தில் ஒரு புகார் போடச் சொல்லுங்கள். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி தளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் போட்டிருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டு போனைப் பிடித்திருப்பதைவிட ஒரு மின்னஞ்சல் மேல், அதில் தேதி இருக்கும்.

சுள்ளெறும்பு | 18 ஜனவரி, காலை 8.40

ஆளைக் காணோமே. நல்ல செய்தியாக இருக்கட்டும்.

தாமிரபரணி_97 | 21 ஜனவரி, இரவு 10.06

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊருக்குப் போயிருந்தோம். 19 இரவு 49,990 திரும்ப வந்தது. இரண்டு நாள் தாமதம், அந்த 200 வரவில்லை. ஈரோட்டு சார் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நாளை அப்பா கிளைக்குப் போகிறார்.

ஈரோட்டுப்_பேரேடு | 21 ஜனவரி, இரவு 10.20

நல்லது தம்பி. 12 இலக்க எண்ணையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டுவிட்டு வர வேண்டாம், கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_கேமர் | 3 பிப்ரவரி, மாலை 6.15

நேற்று இங்கே வெளியீடு. எங்கள் தெருவில் ஒருவருக்கு வந்தது, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். டிசம்பர் முடிய உலகம் முழுக்க 45 லட்சம் போயிருக்கிறது என்று சோனி இன்று கணக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்த ஸ்டாக் எப்போது என்று யாருக்காவது தெரியுமா? கல்லாப்பெட்டி அண்ணா?

கல்லாப்பெட்டி | 3 பிப்ரவரி, இரவு 9.02

எங்களுக்கும் சொல்லவில்லை தம்பி. வந்ததெல்லாம் முன்பதிவுக்காரர்களுக்கே போய்விட்டது.

தாமிரபரணி_97 | 4 பிப்ரவரி, காலை 7.55

200 வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. பணத்தை அப்பா கணக்கிலேயே வைத்திருக்கிறேன்.