நிவேதாவின் ஆஃபரும் ஆல்ட்ரான் கதையும்

குழு: மேலவீதி குடும்பம்
ஞாயிறு, காலை 10:05

நிவேதா: எல்லோருக்கும் வணக்கம். கேப்ஜெமினி இன்ஜினியரிங்கில் ஆஃபர் வந்துவிட்டது! சென்னையிலேயேதான் 🙂

கீதா அத்தை: வாழ்த்துகள் கண்ணு! சாயந்திரம் வீட்டுக்கு வா, கேசரி பண்ணி வைக்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி. கேப்ஜெமினி தெரியும், பிரெஞ்சுக் கம்பெனி. அதில் 'இன்ஜினியரிங்' என்பது என்ன, தனிக் கம்பெனியா? எப்போது ஆரம்பித்தார்கள்?

நிவேதா: நானும் அதைக் கேட்கத்தான் வந்தேன் பெரியப்பா. இன்டர்வியூ எடுத்தவர் தன்னைப் பழைய அரிசென்ட் ஆள் என்றார். கூட இருந்தவர் 'நான் ஆல்ட்ரானில் சேர்ந்தவன்' என்றார். இரண்டு பேரும் ஒரே டீம். முரளி சித்தப்பா, நீங்கள் அரிசென்டில்தானே இருந்தீர்கள்?

முரளி சித்தப்பா: இருந்தேன். ஆனால் நான் சேரும்போது அரிசென்ட் என்று ஒன்று கிடையாது. நந்தனத்தில் ஃபியூச்சர் சாஃப்ட்வேர் என்று கே.வி.ரமணி ஆரம்பித்த கம்பெனி. நெட்வொர்க் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான புரோட்டோகால் மென்பொருள் எழுதுவோம். 2004இல் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற மின்னணு உற்பத்தி நிறுவனம் எங்களை வாங்கியது. குர்கானில் இருந்த ஹியூஸ் சாஃப்ட்வேரையும் அதே வருஷம் வாங்கியது. 2006இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கே.கே.ஆர். பெரும்பங்கை எடுத்தது. கம்பெனியின் மதிப்பு சுமார் 90 கோடி டாலர். அப்போதுதான் அரிசென்ட் என்று பெயர் வைத்தார்கள். 2018இல் ஆல்ட்ரான் எங்களை வாங்கியது, 2020இல் ஆல்ட்ரானையே கேப்ஜெமினி வாங்கியது. நான் ஆல்ட்ரான் வந்த கொஞ்ச காலத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டேன்.

கீதா அத்தை: அதுதானா! ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுப் பெயர் போட்ட பையும் டீ ஷர்ட்டும் கொண்டு வருவாய், அடிக்கடி வேலை மாறுகிறாய் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

முரளி சித்தப்பா: நான் எங்கேயும் போகவில்லை அக்கா. கம்பெனிதான் போய்க்கொண்டே இருந்தது.

சுந்தரம் பெரியப்பா: சரி, நடுவில் வந்த அந்த ஆல்ட்ரான் யார்? பேரைக் கேட்டதே இல்லை.

முரளி சித்தப்பா: அண்ணா, கேப்ஜெமினி இன்ஜினியரிங் என்று இப்போது சொல்வதில் பெரும்பகுதி ஆல்ட்ரான்தான். 1982இல் பிரான்ஸில் அலெக்சி க்னியாசெஃப், ஊபேர் மார்த்தினி என்று இரண்டு பேர் ஆரம்பித்தது. அதற்கு முன் இருவரும் பீட் மார்விக் என்ற தணிக்கை நிறுவனத்தில் ஆலோசகர்கள். ஏன் அப்படி ஒரு கம்பெனிக்குத் தேவை வந்தது என்பதைக் கார்த்தி சொன்னால் நன்றாக இருக்கும். அவன் பிரான்ஸில், துலூசில், அந்த ஆட்களோடுதான் தினமும் மீட்டிங்கில் உட்காருகிறான்.

கார்த்தி அண்ணா: இங்கே இப்போதுதான் விடிகிறது சித்தப்பா, காபி போட்டுவிட்டு வருகிறேன்.

கீதா அத்தை: அங்கே குளிரா கார்த்தி? ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

10:31

கார்த்தி அண்ணா: வந்துவிட்டேன். பிரான்ஸில் நிரந்தர வேலை ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஆளை நீக்குவது எளிதல்ல. ஆனால் விமானமோ காரோ புதிதாக வடிவமைக்கும்போது மூன்று நான்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் தேவை. மாடல் உற்பத்திக்குப் போனதும் அத்தனை பேர் தேவையில்லை. ஏர்பஸ், ரெனோ போன்றவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கள் சுமக்க விரும்பவில்லை. அதை ஆல்ட்ரான் மாதிரிக் கம்பெனிகள் சுமக்கின்றன. பொறியாளரை நிரந்தரமாக வேலைக்கு எடுத்து, வாடிக்கையாளர் இடத்தில் உட்கார வைத்து, நாள் கணக்கில் பில் போடுகிறார்கள்.

நிவேதா: ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பெஞ்ச்?

கார்த்தி அண்ணா: பெஞ்சேதான், அதாவது வேலை இல்லாமல் காத்திருப்பது, சம்பளம் மட்டும் ஓடும். பெஞ்சில் எத்தனை பேர் என்பதில்தான் லாபமே தொங்குகிறது. வெறுமனே ஆளை வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பது இங்கே சட்டப்படி குற்றம். அதனால் ஒப்பந்தத்தில் 'சேவை' என்று காட்ட வேண்டும், வேலையை மேற்பார்வை பார்க்கவும் சொந்த ஆள் வேண்டும். எங்கள் தளத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தில் நாலு விதமான அடையாள அட்டை தொங்கும். வேலை ஒன்றுதான்.

சுந்தரம் பெரியப்பா: புரிகிறது. ஆனால் இதில் கம்பெனியை வாங்கி வாங்கி வளர என்ன அவசியம்? ஆளைத்தானே எடுக்க வேண்டும்?

முரளி சித்தப்பா: அண்ணா, நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆல்ட்ரான் 1987இலேயே பாரிஸ் பங்குச்சந்தைக்குப் போய்விட்டது. கணக்குக்காகச் சொல்கிறேன்: உங்கள் பங்கு லாபத்தைப் போல் 20 மடங்கில் விற்கிறது. ஊரில் 60 பேர் வைத்திருக்கும் சின்னக் கம்பெனி 6 மடங்குக்குக் கிடைக்கிறது. நேற்றுவரை 6 மடங்காக மதிக்கப்பட்ட அதன் லாபம், உங்கள் கணக்கில் சேர்ந்ததும் சந்தையில் 20 மடங்காக மதிக்கப்படும். பொறியாளர் ஒருவர்கூட அதிகமாக வேலை செய்யவில்லை, கம்பெனி மதிப்பு மட்டும் ஏறிவிட்டது.

சுந்தரம் பெரியப்பா: பலே. பங்கு விலை இறங்கினால் மொத்தமும் தலைகீழ்.

முரளி சித்தப்பா: ஆமாம். அதோடு விலை முழுவதையும் முதலிலேயே தர மாட்டார்கள். கொஞ்சம் கையில், மீதி அடுத்த சில வருஷ லாபத்தைப் பார்த்து. விற்ற முதலாளியே கிளை நிர்வாகியாகத் தொடர்வார். மீதிப் பணம் வர வேண்டுமே, அதனால் மாடாக உழைப்பார். ஆல்ட்ரான் அவர்கள் பெயரைக்கூட மாற்றவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கம்பெனிகள், தனித்தனிப் பெயர், தனித்தனி கணக்கு. மேலே ஒரு சிறிய தலைமையகம். பல வருஷம் இது அருமையாக ஓடியது.

கீதா அத்தை: எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிவேதா: அப்புறம் எங்கே இடித்தது?

முரளி சித்தப்பா: 2002இல். முதலில் பிப்ரவரி மாதம். ஆர்தர் டி. லிட்டில் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் திவாலானது. 1886இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய ஆலோசனை நிறுவனங்களில் ஒன்று. பன்றிக் காதிலிருந்து பட்டுப்பை செய்ய முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. முடியும் என்று 1921இல் நிஜமாகவே செய்து காட்டிய ஆட்கள். ஏப்ரலில் நடந்த ஏலத்தில் அந்தப் பெயரையும், அமெரிக்காவுக்கு வெளியே இருந்த கிளைகளையும், அதன் கையில் இருந்த இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கன்சல்டன்ட்ஸையும் ஆல்ட்ரான் எடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் லெ மோந்த் பத்திரிகை ஒரு குண்டு போட்டது. 2001, 2002 கணக்குகளில் வருமானத்தை ஊதிக் காட்டியிருந்தார்கள், நடக்காத வேலைக்கு பில்கள். பங்கு பாதாளத்துக்குப் போனது. நிறுவனர்கள் நிர்வாகத்திலிருந்து விலகும்படி ஆயிற்று.

சுந்தரம் பெரியப்பா: அந்த ஆர்தர் லிட்டிலை வாங்கியதால் வந்த வினையா?

முரளி சித்தப்பா: இல்லை அண்ணா, அது வேறு இது வேறு. எப்போதும் வேகமாக வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் கணக்கில் கை வைத்தார்கள் என்பதுதான் நான் புரிந்துகொண்டது. வாங்கி வளரும் கம்பெனிக்கு பங்கு விலை என்பது பெட்ரோல் மாதிரி. அது குறையும் என்று பட்டதும் பொய் சொல்லத் தோன்றியிருக்கிறது. ஆனால் ஆர்தர் டி. லிட்டிலும் ஒட்டவில்லை. மேலாண்மை ஆலோசனை வேறு கலாச்சாரம். 2011 கடைசியில் அதன் பார்ட்னர்களே அதை வாங்கிக்கொண்டு பிரிந்தார்கள். கேம்பிரிட்ஜ் கன்சல்டன்ட்ஸ் ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் கேப்ஜெமினிக்குள்தான் இருக்கிறது. அவர்களும் பொறியாளர்கள், இவர்களும் பொறியாளர்கள்.

கார்த்தி அண்ணா: சித்தப்பா, பங்குச்சந்தைக் கணக்கு மட்டும்தான் காரணம் என்பதுபோல் சொல்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர்களே இவர்களை வாங்க வைத்தார்கள். முன்பு ஏர்பஸ் போன்ற ஒரு நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான சின்ன ஆலோசனைக் கம்பெனிகள் ஆள் கொடுத்தன. செலவைக் குறைக்கப் பட்டியலைச் சுருக்கினார்கள். பட்டியலில் இருக்க வேண்டுமானால் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டும், பல நாட்டில் இருக்க வேண்டும், பாதி வேலையைச் செலவு குறைந்த நாட்டில் செய்து தர வேண்டும். வெளியே விழுந்த சின்னவர்களுக்கு விற்பதைத் தவிர வழி கிடையாது. இந்தியாவை நோக்கி இவர்கள் வந்ததும் அதற்குத்தான்.

முரளி சித்தப்பா: அது சரிதான். 2015இல் தொமினிக் செருத்தி தலைவராக வந்த பிறகு வாங்கியதெல்லாம் அப்படித்தான் இருந்தன. நெதர்லாந்தில் என்ஸ்பயர், பிரிட்டனில் டெசெல்லா, உக்ரைனில் பொறியாளர்கள் வைத்திருந்த லோஹிகா, பெங்களூரில் சைகான்டெக், குளோபல்எட்ஜ். எல்லாம் கடித்து விழுங்கக்கூடிய அளவு. அதில் யாருக்கும் நெஞ்சடைக்கவில்லை.

நிவேதா: அடுத்தது அரிசென்டா?

முரளி சித்தப்பா: ஆமாம். 2017 நவம்பர் கடைசியில் அறிவித்தார்கள், 2018 மார்ச்சில் முடிந்தது. விலை சுமார் 200 கோடி டாலர். கே.கே.ஆர். 2006இல் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அண்ணா. அப்போது அரிசென்டில் 10,000 பேருக்கு மேல் இருந்தோம். கூடவே ஃபிராக் என்ற டிசைன் நிறுவனமும் வந்தது, ஆப்பிளின் ஆரம்பக் காலக் கணினிகளுக்கு உருவம் கொடுத்தவர்கள். ஆல்ட்ரானுக்கு அவ்வளவு பணம் கையில் இல்லை. கடன் வாங்கினார்கள், பங்குதாரர்களிடம் 75 கோடி யூரோ புதிதாகத் திரட்டினார்கள்.

சுந்தரம் பெரியப்பா: கடனில் வாங்கிய வீடு.

முரளி சித்தப்பா: அந்த வீட்டில் குடிபோன நாலாவது மாதம், 2018 ஜூலையில், அரிசென்ட் கணக்கில் போலியான கொள்முதல் ஆணைகள் இருந்ததைக் கண்டுபிடித்ததாக ஆல்ட்ரானே அறிவித்தது. வாங்குவதற்கு முன்பு நடந்தவை. தொகை சுமார் 1 கோடி டாலர், வாங்கிய விலைக்கு முன்னால் அது சில்லறை. ஆனால் 2002 யாருக்கும் மறக்கவில்லையே! பங்கு அன்றைக்குச் சரிந்த சரிவு தொகைக்குச் சம்பந்தமே இல்லாதது. 2019 ஜனவரியில், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் வேறு.

கீதா அத்தை: ஐயோ பாவம்.

சுந்தரம் பெரியப்பா: பாவமெல்லாம் இல்லை கீதா. வாங்கும் முன் கணக்கைத் துருவிப் பார்க்கத்தான் ஆடிட்டர்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள். சின்னக் கடனுக்கே நாங்கள் பில்லை எடுத்துக்கொண்டு சரக்கு இருக்கிறதா என்று குடோனுக்குப் போய் எண்ணுவோம்.

நிவேதா: 😄 அப்போ கேப்ஜெமினி எப்போது உள்ளே வந்தது?

முரளி சித்தப்பா: பங்கு அடிபட்டுக் கிடந்தது, கடன் இருந்தது, ஆனால் உள்ளே 45,000 பேருக்கு மேல் நல்ல பொறியாளர்கள். 2019 ஜூனில் கேப்ஜெமினி பங்குக்கு 14 யூரோ என்று விலை சொன்னது. மொத்தம் 360 கோடி யூரோ, அதற்கு மேல் சுமார் 140 கோடி யூரோ கடனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலில் 11 சதவீதப் பங்கு போலக் கைமாறியது. கொடுத்தவர்கள் ஏபாக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனமும், அதோடு சேர்ந்திருந்த பழைய நிறுவனர்கள் இருவரும். தாங்கள் 1982இல் ஆரம்பித்ததை 37 வருஷம் கழித்து விற்றார்கள்.

கார்த்தி அண்ணா: அப்போது இங்கே அலுவலகத்தில் இதுதான் பேச்சு. எலியட் என்ற அமெரிக்க ஃபண்ட் பங்குகளை வாங்கிக் குவித்து, '14 யூரோ ரொம்பக் குறைவு' என்று மல்லுக்கு நின்றது. மாதக்கணக்கில் இழுத்தது. 2020 ஜனவரியில் 14.50 ஆக ஏற்றினார்கள். 54 சதவீதப் பங்கு கேப்ஜெமினி கைக்கு வந்தது. அப்படியும் வழக்கு. பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ச் 24ஆம் தேதி தள்ளுபடி செய்தபோது நாங்களெல்லாம் கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தோம். விமான நிறுவனங்கள் ஆர்டரைத் தள்ளிப்போட ஆரம்பித்திருந்த நேரம். அந்த வாரத்தில் ஓர் ஏரோஸ்பேஸ் ஆலோசனைக் கம்பெனியை வாங்கி முடிக்க யாருக்காவது மனசு வருமா? முடித்தார்கள். ஏப்ரலில் ஆல்ட்ரான் அவர்களுடையது.

முரளி சித்தப்பா: 2021 ஏப்ரலில் பெயரும் போயிற்று. அன்றிலிருந்து கேப்ஜெமினி இன்ஜினியரிங்.

சுந்தரம் பெரியப்பா: ஆக இத்தனை பேரை விழுங்கியவனை இன்னொருவன் விழுங்கிவிட்டான். இந்தத் துறையில் எல்லோருக்கும் இதே கதிதானா?

கார்த்தி அண்ணா: இல்லை அப்பா. ஆல்டென் என்று 1988இல் ஆரம்பித்த கம்பெனி இருக்கிறது, சிமோன் அசுலே நிறுவியது. வருஷா வருஷம் சின்னது சின்னதாக வாங்கிக்கொண்டு, தலைக்கு மேல் கடன் இல்லாமல் இன்றும் தனியாக நிற்கிறது. லியோனில் வளர்ந்த ஆக்கா வேறு மாதிரி. டைம்லர் கார் கம்பெனியின் பொறியியல் நிறுவனமான எம்பிடெக்கை 2012இல் வாங்கிப் பெரிதானது, கார், விமானம் இரண்டையும் நம்பியிருந்தது, கொரோனாவில் இரண்டும் நின்றன. அடெக்கோ என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் அதை வாங்கி 2022இல் ஆக்கோடிஸ் என்று மாற்றியது.

சுந்தரம் பெரியப்பா: ஆல்டென் ஆள் என் கட்சி. கேப்ஜெமினியாவது வாங்குவதை நிறுத்தியதா?

முரளி சித்தப்பா: நிறுத்துவதாவது! 2025இல் டபிள்யூ.என்.எஸ்.ஸை 330 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பின்னலுவலக வேலைகளுக்காகத் தொடங்கியது. ஆனால் கேப்ஜெமினிக்கு வயிறு பெரிது அண்ணா. ஆல்ட்ரான் அரிசென்டை விழுங்கியதும் இதுவும் ஒன்றல்ல.

நிவேதா: எனக்கு ஒரே கேள்விதான் சித்தப்பா. நான் சேரலாமா?

முரளி சித்தப்பா: தாராளமாகச் சேர். எங்கள் டீமில் 2004இல் எழுதிய மென்பொருளை 2018இலும் அதே ஆட்கள்தான் பராமரித்தார்கள். மேலே முதலாளி மாறும்போது கீழே மாறுவது சம்பளச் சீட்டு, இன்சூரன்ஸ், மெயில் முகவரி, லீவ் போடும் போர்ட்டல். கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்த வாடிக்கையாளர், எந்தத் துறை என்பது முக்கியம். டெலிகாமா, காரா, சிப்பா என்று கேள். துறை படுத்தால் பெஞ்ச் நீளும்.

கார்த்தி அண்ணா: அதோடு, வேலை முழு பொறுப்போடு சென்னையில் நடக்கிறதா அல்லது இங்கே பிரான்ஸில் முடிவு செய்ததை அங்கே தட்டச்சு செய்வது மட்டுமா என்றும் கேள். இரண்டும் உண்டு. முதல் வகை கிடைத்தால் விடாதே.

நிவேதா: நாளை காலை ஹெச்.ஆரைக் கூப்பிட்டு இரண்டையும் கேட்கிறேன். இன்டர்வியூ எடுத்த அரிசென்ட்காரரின் நம்பரும் இருக்கிறது, அவரிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

முரளி சித்தப்பா: அவரிடமே முதலில் கேள். ஹெச்.ஆருக்குத் துறை தெரியாது. அவர் பெயரைத் தனியாக எனக்கு அனுப்பு, தெரிந்த ஆளாகத்தான் இருக்கும்.