தாத்தா 80: குடும்பக் குழு, சனிக்கிழமை காலை

மாலா அத்தை, 8:12
காலை வணக்கம். சதாபிஷேகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். சாப்பாடு அண்ணன் வீட்டுத் தோட்டத்திலா, மண்டபத்திலா? கேட்டரிங்காரர் இன்றைக்குள் பதில் கேட்கிறார்.

கார்த்திக், 8:14
தோட்டத்தில் பெரியப்பாவின் மாதிரி ரயில் ஓடுகிறதே அத்தை

கணேசன் மாமா, 8:15
எங்கே ஓடுகிறது? ஒரு மாதமாகக் குழிதான் ஓடுகிறது 😀

பாட்டி, 8:16
என் ரவை சல்லடையை யார் எடுத்தது

செல்வம் பெரியப்பா, 8:31
அது குழி இல்லை மாப்பிள்ளை, படுகை. தெரியாதவர்களுக்காக ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். பாதை மொத்தம் 18 மீட்டர். 10 செ.மீ. தோண்டி, களை முளைக்காத துணி விரித்து, அதன்மேல் ஜல்லி. நம் ஊர் மழைக்குத் தண்ணீர் உடனே கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை சேற்றில் உட்கார்ந்துவிடும், கொசுவும் வந்துவிடும். ஜல்லிமேல் தண்டவாளத்தை வைத்து, மட்டம் பார்த்து, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவே மறுபடி ஜல்லி போட்டு நிரப்ப வேண்டும். கட்டையின் தலை மட்டும் வெளியே தெரியலாம். 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்று கணக்குப் போட்டால் சுமார் 200 கிலோ கல். 25 கிலோ மூட்டை 8 வாங்கியாயிற்று.

இன்னொன்று. இந்தத் தண்டவாளத்தின் அகலம் 45 மி.மீ. ஒரு மீட்டர் பாதையை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினால் கிட்டத்தட்ட இதுதான் வரும். மலாயா ரயில் பாதையும் ஒரு மீட்டர்தான். அப்பா வேலை பார்த்த அதே பாதை!

கார்த்திக், 8:33
நாளை ராத்திரி ராணுவ முகாமுக்குத் திரும்ப வேண்டும் பெரியப்பா, அதற்குள் படித்து முடித்துவிடுவேன்

கணேசன் மாமா, 8:35
எதற்கு மச்சான் இவ்வளவு? சிமெண்டைக் கலந்து ஊற்றினால் ஒரே நாளில் வேலை முடிந்தது.

செல்வம் பெரியப்பா, 8:41
அதுதான் கூடாது. பித்தளைத் தண்டவாளம் வெயிலில் நீளும். காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி ஏறினால் 18 மீட்டருக்கு 1 செ.மீ. நீளும். சிமெண்டில் இறுக்கினால் எங்கே போகும்? வளைந்துகொள்ளும். ஜல்லியில் கிடந்தால் அசைந்து கொடுக்கும். அதனால்தான் இணைப்புகளில் இடைவெளியும் விட்டிருக்கிறேன்.

மாலா அத்தை, 8:42
அண்ணே, நான் கேட்டது சாப்பாடு

கணேசன் மாமா, 8:43
சைவம்தானே? திவ்யா காதுகுத்தில் பிரியாணி தீர்ந்துபோன கதை மாதிரி ஆகிவிடக்கூடாது

லதா பெரியம்மா, 8:44
பதினைந்து வருஷமாக அதே பிரியாணி. தரைவீடு வைத்திருந்தால் ஊருக்கே சோறு போட வேண்டுமா?

மாலா அத்தை, 8:45
யாரும் போடச் சொல்லவில்லை அண்ணி. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் 60 பேர் உட்கார முடியாது, அதனால் கேட்டேன்.

திவ்யா, 8:52
பெரியப்பா, நான் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். தோட்டத்துக்கு வந்து பாருங்கள். தாத்தா 6 மணியிலிருந்து இங்கேதானாம். நீங்கள் போட்ட கல்லை எல்லாம் அள்ளி, கறிவேப்பிலை மரத்தடியில் குவித்துவிட்டார்.

செல்வம் பெரியப்பா, 8:53
எல்லாவற்றையுமா??

லதா பெரியம்மா, 8:53
அது நான் பார்த்து எடுத்த கல். வெள்ளையாக எவ்வளவு அழகாக இருந்தது

திவ்யா, 8:58
தாத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது மீன் தொட்டிக் கல். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, ரயில் போகப் போக நழுவும். கூர்மூலை உள்ள, உடைத்த கருங்கல்தான் ஜல்லி. கொட்டினாலும் ஆகாது, கட்டைக்கு அடியில் குத்தி இறுக்க வேண்டும். எங்கள் மண்டோர் (மேஸ்திரி) பார்த்திருந்தால் இவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.”

கார்த்திக், 8:58
😂😂😂

கணேசன் மாமா, 8:59
200 கிலோ மச்சான்!

மாலா அத்தை, 9:04
அப்பாவுக்கு ரயில்மேல் ஆசை என்பது அண்ணனுக்கு இப்போதாவது தெரிந்ததே. 2011 ஜூன் 30 ராத்திரி, தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போ என்று எத்தனை தடவை கேட்டார்.

செல்வம் பெரியப்பா, 9:05
அன்றைக்கு எனக்கு இரவு வேலை.

கணேசன் மாமா, 9:07
நான்தான் கூட்டிப்போனேன். ஜொகூர் சுல்தானே ஓட்டிய கடைசி ரயில். என்ன கூட்டம்! எல்லாரும் இஞ்சினைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லதா பெரியம்மா, 9:08
காலையிலேயே பழைய கதை வேண்டாம்.

பாட்டி, 9:15
சல்லடை

கார்த்திக், 9:16
மண்டபம் என்றால் கார் நிறுத்த இடம் இருக்குமா?

மாலா அத்தை, 9:20
கேட்டுச் சொல்கிறேன். அப்பா மண்டபம் வேண்டாம் என்பார்.

செல்வம் பெரியப்பா, 9:49
பக்கத்து வீட்டில் தரை மாற்றினார்களே, மிச்சக் கருங்கல் சில்லு மூன்று மூட்டை இருக்கிறதாம். அப்பாவே போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இப்போது சலித்துக்கொண்டிருக்கிறார். தூசி கீழே, பெரிய கல் ஓரமாக, 3 முதல் 5 மி.மீ. உள்ளது மட்டும் வாளியில்.

பாட்டி, 9:50
எதில் சலிக்கிறார்

திவ்யா, 9:50
🙈

கணேசன் மாமா, 9:52
மூன்று மூட்டை பாதிப் பாதைக்குக்கூட வராதே. கட்டடச் சாமான் கடையில் கேட்டுப் பார்க்கவா மச்சான்?

செல்வம் பெரியப்பா, 9:53
கேளுங்கள் மாப்பிள்ளை. உடைத்த கல் என்று சொல்லிக் கேளுங்கள்.

மாலா அத்தை, 9:55
சரி, கூடாரமா மண்டபமா? கூடாரம் என்றால் கம்பி பாதைமேல் நிற்கக்கூடாது, அதையும் யோசியுங்கள்.

லதா பெரியம்மா, 9:56
காலைப் பூஜை இங்கே, மதியச் சாப்பாட்டைப் பார்ப்போம்.

கார்த்திக், 9:57
‘பார்ப்போம்’ என்றால் மண்டபமா?

செல்வம் பெரியப்பா, 10:03
தேக்கா சந்தைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? மூன்று சல்லடை வாங்கி வாருங்கள். ஒன்று அம்மாவுக்கு. இரண்டு இங்கே வேண்டும்.