கிளர்ச்சி வேண்டாம், ‘விழிப்புத்தட்டல்’ சரிவருமா?

அண்ணா, தூக்கத்தின் நடுவே மூளை சற்று விழிப்பின் பக்கம் திரும்புவதை ஆங்கிலத்தில் ‘அரௌசல்’ (arousal) என்கிறோமே, அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘கிளர்ச்சி’யை, மூளை அலைகளைப் பதியும் ஈஈஜி (EEG) அறையில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. ஒன்று படை திரண்டது போல இருக்கிறது, இல்லையென்றால் வேறு மாதிரி, அதை இங்கே எழுத வேண்டாம். ‘விழிப்புணர்வு’ம் ஆகாது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நாளுக்கு ‘வலிப்பு விழிப்புணர்வு’ என்று நாமே பேனர் கட்டுகிறோம்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வலிப்புக்காக ஈஈஜி எடுக்க வந்தாள். பதிவின்போது தூங்க வேண்டும் என்று, ராத்திரி தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்லியிருந்ததால், 20 கொண்டை ஊசி வளைவிலும் அவள் கண் செருகும்போதெல்லாம் அம்மா கிள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டியதும் தூங்கிவிட்டாள். எழுப்பி உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில் தோள் வெட்டியது, திரையில் வலிப்பைக் காட்டும் கூர்முனை அலைகள் கொத்தாக. “இதேதாங்க, காலைல காப்பி டம்ளர் கைல நிக்காது. நடுராத்திரி முழிப்பு தட்டுச்சுன்னா மறுநாள் இன்னும் ஜாஸ்தி” என்றார் அம்மா.

முழிப்பு தட்டுவது! சொல் வீட்டிலேயே இருக்கிறது, நாம் அகராதியில் தேடுகிறோம். ‘விழிப்புத்தட்டல்’ என்று வைத்துக்கொள்ளலாமே. தட்டினால் கதவு திறந்தே ஆக வேண்டும் என்றில்லை. அரௌசலும் அப்படித்தான், மூளை அலை 3 நொடி வேகம் மாறினாலே கணக்கு, தூங்குகிறவருக்கே தெரியாமல் போகலாம். முழுசாக எழுந்துவிட்டால் அது ‘விழித்தெழல்’, அந்தப் பெண்ணுக்கு நடந்தது அது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்கக் கூடாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கனவுத் தூக்கத்தில் வலிப்பு குறைவு; மற்ற தூக்கத்தில் மூளை அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்குவதால் வலிப்புக்கு வழி எளிது. முன்மூளை மடலில் கிளம்பும் வலிப்புகள் பல அந்தத் தூக்கத்திலிருந்துதான் வருகின்றன, கூடவே ஒரு விழிப்புத்தட்டலும் பதிவாகும். தட்டியதால் வலிப்பு வந்ததா, வலிப்பு வந்ததால் தட்டியதா என்பது பலமுறை பதிவைப் பார்த்தும் பிடிபடாது. ‘எழுப்பல்’ என்றால் எழுப்பியது யார் என்று கேட்கும். ‘முழிப்பு தட்டுச்சு’ என்றால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சொல் நீளம் என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ‘விழிதட்டு’ என்று சுருக்கினால் கண்ணில் அடித்தது போல ஆகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.