மார்ச் மாதக் காயச் செய்திகளை நம்பி ஃபேன்டஸி பேஸ்பால் அணியை மாற்றலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்த பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்தி வருகிறோம். அதாவது அமெரிக்க பேஸ்பால் வீரர்களை எங்கள் கற்பனை அணிகளுக்குப் பிரித்தெடுத்து, அவர்களின் நிஜ ஆட்ட எண்களை வைத்துப் போட்டியிடுகிறோம். பாதிப் பேர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். மற்றவர்கள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறோம். பணப் பந்தயம் கிடையாது. ஆனால் கல்லூரி முடிந்த பிறகும் எங்களை ஒன்றாக வைத்திருப்பது இந்த லீக்தான் என்பதால், எல்லோரும் மிகுந்த அக்கறையோடு விளையாடுகிறோம். புள்ளிக் கணக்கு வழக்கமான பத்துப் பிரிவுகளில்தான்: பேட்டர்களுக்கு (மட்டையடிப்பவர்கள்) ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டோலன் பேஸ் (பந்து எறியப்படும்போதே ஓடிப் பிடித்த பேஸ்), சராசரி (மட்டையடித்ததில் ஹிட் ஆன பங்கு). பிட்சர்களுக்கு (பந்தெறிபவர்கள்) வெற்றி, சேவ் (சிறிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்டிரைக் அவுட், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைவாக இருந்தால் நல்லது), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு ஹிட், வாக் மூலம் பேஸுக்குப் போகவிட்டவர்கள்).

சென்ற ஆண்டு அணியிலிருந்து மூன்று வீரர்கள் வரை தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. ஒரு வீரரைச் சென்ற ஆண்டு டிராஃப்டின் (வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எந்தச் சுற்றில் எடுத்தோமோ, இந்த ஆண்டு அந்தச் சுற்றை அவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டியலை வியாழக்கிழமை இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். டிராஃப்ட் ஞாயிறு அதிகாலை.

நான் நான்காம் சுற்றுக்குத் தக்கவைக்க எண்ணியிருந்த ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து எறிபவர்), நேற்று புளோரிடாவில் நடந்த, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் மூன்றாம் இன்னிங்ஸின் நடுவிலேயே வெளியேறிவிட்டார். இங்கே இரவு பதினொரு மணிக்கு மேல் அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இன்னிங்ஸில் திரையில் 96 மைல் காட்டிய வேகம் அடுத்த இன்னிங்ஸில் 94 ஆனது. வெளியேறுவதற்கு முன் எறிந்த பந்தில் 92தான் இருந்தது. அந்தப் பந்தை எறிந்ததும் கையை இருமுறை உதறிவிட்டு, பயிற்சியாளர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். முன்கையில் இறுக்கம், முன்னெச்சரிக்கையாகத்தான் வெளியே எடுத்தோம் என்று அணி சொல்லியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. முடிவு இன்னும் வரவில்லை. எங்கள் லீக் நண்பர்களும் இங்கே வந்து படிப்பார்கள் என்பதால் வீரரின் பெயரை எழுதவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அரிசோனா பயிற்சி ஆட்டங்களில் ஓர் இளம் பேட்டர் ஹோம் ரன்களாக அடித்துத் தள்ளுகிறார். அவரைக் கடைசிச் சுற்றின் விலைக்கே தக்கவைக்க முடியும். ஆனால் அவரை முதலில் மைனர் லீக்குக்கு (கீழ்நிலைப் போட்டிகளுக்கு) அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. இவ்விருவர் விஷயத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: அம்பை வாசகர்

இளம் பேட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிதான கேள்வி. பயிற்சி ஆட்ட எண்களைத் தனியாக வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பது ஒருபுறம்; ஆறாம் இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரே பந்தெறிபவர்களில் பலர் மைனர் லீக்கைத் தாண்டாதவர்கள் என்பது மறுபுறம். முதல் தர பிட்சர்களும் அந்த வாரங்களில் புதிதாகக் கற்ற ஒரு பந்தை மட்டுமே திரும்பத் திரும்ப எறிந்து பழகுவதுண்டு. அடி வாங்குவதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

2018 மார்ச்சில், பேட்டராகவும் பிட்சராகவும் ஆடும் ஷோஹெய் ஒட்டானி அரிசோனாவில் 32 முறை மட்டையடித்து 4 ஹிட் மட்டுமே எடுத்தார். பிட்சராக அவருடைய இ.ஆர்.ஏ. 27.00. இவர் இன்னும் மைனர் லீக்கில் பழக வேண்டியவர் என்று பலர் எழுதினார்கள். அதே ஆண்டு 22 ஹோம் ரன்களும் .285 சராசரியுமாக அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) சிறந்த புதுமுக வீரர் விருதை அவர் வாங்கினார். அந்த மார்ச்சில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியிருந்த செய்தி வேறு: மாதக் கடைசியில் அவர் முன்காலை உயரத் தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, கால்விரலைத் தரையில் இலேசாகத் தட்டி அடிக்கும் முறைக்கு மாறினார். எண்களைவிட இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் நான் மதிப்புத் தருவேன்.

மைனர் லீக் பேச்சை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 172 நாட்கள் பெரிய அணியில் இருந்தால்தான் ஒரு வீரருக்கு ஓராண்டுச் சேவை கணக்காகும். அப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்தால் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆகவே சில வாரங்கள் கீழே வைத்திருந்தால் அணிக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும். 2015 மார்ச்சில் கிரிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன்கள் அடித்தும் சிகாகோ கப்ஸ் அவரைக் கீழே அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் களமிறக்கியது. ஆனாலும் அந்த ஆண்டின் நேஷனல் லீக் புதுமுக விருது அவருக்குத்தான். 2024இல் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் மே 11 அன்றுதான் பிட்ஸ்பர்க் அணிக்காக முதலில் எறிந்தார்; அவருக்கும் அதே விருது. திறமையில் உங்களுக்குச் சந்தேகம் இல்லையென்றால், கடைசிச் சுற்று விலைக்கு அவரைத் தாராளமாகத் தக்கவையுங்கள். சில வாரங்கள் அவருக்காக உங்கள் பெஞ்சில் ஓர் இடம் வீணாகும், அவ்வளவுதான்.

பிட்சரின் நிலை அப்படியல்ல. அங்கே எனக்குப் பயம் தருவது அணியின் அறிக்கை அல்ல. நீங்கள் கண்ணால் பார்த்த அந்த நான்கு மைல் வேகக் குறைவுதான்.

பதில்: வண்ணார்பேட்டை பிசியோ

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியை அம்பை அண்ணாச்சி நன்றாகவே விளக்கிவிட்டார்கள். முன்கை இறுக்கம் என்ற சொல்லைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அது கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் பிட்சர்களின் விஷயத்தில் அப்படியல்ல.

உங்கள் முழங்கையின் உள்பக்கம், உடலை ஒட்டிய பக்கத்தில், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள். மணிக்கட்டை மடக்கும் தசைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதே இடத்தில், அந்தத் தசைகளுக்கு அடியில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் தசைநார் இருக்கிறது. மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்தை எறியும்போது முழங்கை வெளிப்புறமாகப் பிளந்துகொள்ளாமல் தடுப்பது இந்தத் தசைநார்தான். அதன் சுமையில் ஒரு பங்கை மேலிருக்கும் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. தசைநார் நைந்துபோனால் தசைகள் கூடுதலாக உழைக்க நேர்ந்து இறுகிப்போகலாம். வெறும் தசைக் களைப்பாலும் அதே இறுக்கம் வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே எம்.ஆர்.ஐ. முடிவு வரும்வரை எந்த ஆறுதல் வார்த்தைக்கும் மதிப்பில்லை.

நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோலின் இரண்டு மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் முழங்கை வலி என்றார்கள். அழற்சி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை இல்லாமலேயே ஜூன் 19 அன்று திரும்பி வந்து 17 ஆட்டங்களைத் தொடங்கினார். 2025 மார்ச்சிலும் அதே முழங்கையில் வலி என்றுதான் செய்தி வந்தது. ஆனால் மார்ச் 11 அன்று டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்து, அந்த ஆண்டு முழுவதும் அவர் எறியவில்லை. முதல் நாள் செய்தியை மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

டாமி ஜான் சிகிச்சையில், பெரும்பாலும் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாணை எடுத்து, கிழிந்த தசைநாருக்குப் பதிலாக வைத்துக் கட்டுகிறார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக இதை டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தபோது அவர் 1976இல்தான் களத்துக்குத் திரும்பினார். இன்றைக்கும் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். பலருக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. வண்ணார்பேட்டையில் என்னிடம் வரும் இளம் வேகப்பந்து வீச்சாளர்களில் பலருக்குக் கீழ்முதுகில்தான் அழுத்த முறிவு. கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தி எறிய அனுமதி இல்லை என்பதால் நம் ஊர் ரசிகர்கள் இந்த முழங்கைக் காயத்தின் கடுமையை எளிதில் உணர்வதில்லை.

பாளையங்கோட்டைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. எலும்பு முறிவு, தசைப்பிடிப்பு போன்ற மற்றக் காயங்களையும் இதே அச்சத்தோடுதான் பார்க்க வேண்டுமா? வியாழக்கிழமைக்குள் எம்.ஆர்.ஐ. முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பதில்: வள்ளியூரிலிருந்து

தம்பி, பேட்டர்களின் எலும்பு முறிவு பெரும்பாலும் நாள் குறித்துத் திரும்பக்கூடிய காயம். 2023 மார்ச் 18 அன்று நாடுகளுக்கிடையிலான உலக பேஸ்பால் கிளாசிக் ஆட்டத்தில் ஹூஸ்டன் அணியின் பேட்டர் ஹோசே அல்டுவேயின் கட்டைவிரலைப் பந்து தாக்கி எலும்பு உடைந்தது. மே 19 அன்று திரும்பினார், மீதமிருந்த ஆட்டங்களில் .311 சராசரியும் 17 ஹோம் ரன்களும் எடுத்தார். பலர் பயந்து அவரைத் தள்ளிவிட்ட நேரத்தில் பின்னால் எடுத்தவர்களுக்கு அது நல்ல லாபமாக முடிந்தது. அதே போட்டியில் மூன்று நாட்கள் முன்னதாக, வெற்றிக் கொண்டாட்டத்தில் குதித்தபோது, மெட்ஸ் அணிக்காகக் கடைசியில் எறிந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் எட்வின் டியாஸின் முழங்கால் நாண் கிழிந்து, அவருடைய 2023 ஆண்டே போயிற்று. அப்போது லாபம் யாருக்கு என்று கவனியுங்கள்: மெட்ஸ் அணியில் அந்தப் பொறுப்பு டேவிட் ராபர்ட்சனுக்கு வந்தது. ஜூலை இறுதியில் மயாமிக்கு மாற்றப்படுவதற்குள் அவர் 14 சேவ்களைச் சேர்த்துவிட்டார். டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில் யாரும் சீந்தாமல் கிடந்தவர் அவர். ஒரு வீரர் விழுந்த செய்தியைப் படிக்கும்போது அவர் இடத்தில் யார் நிற்பார் என்று உடனே தேடுவதுதான் மார்ச் மாதத்தில் மிகப் பெரிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் வியாழக்கிழமை. முடிவு வராவிட்டால் பிட்சரை விட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் இழந்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு டிராஃப்டில் அவர் மீண்டும் பொதுப் பட்டியலுக்கு வந்துவிடுவார், அதற்குள் முடிவும் வந்திருக்கலாம். நல்ல செய்தியானால் உங்கள் நான்காம் சுற்றிலேயே அவரை எடுக்கப் பாருங்கள், இடையில் வேறொருவர் கொத்திக்கொண்டு போகலாம் என்பது மட்டும்தான் ஆபத்து. கெட்ட செய்தியானால் நான்காம் சுற்று உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். இடைப்பட்ட செய்தியாக, நான்கு வாரம் ஓய்வு என்பது போல வந்தால், நான் பத்தாம் சுற்றுக்கு முன் தொடமாட்டேன். நான்கு வார ஓய்வு என்றால் நான்கு வாரத்தில் திரும்புவார் என்று பொருளல்ல. ஓய்வு முடிந்ததும் அவர் மெதுவாகப் பந்து எறியத் தொடங்கி, பிறகு ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று முதலிலிருந்து ஏற வேண்டும். மே மாதக் கடைசிக்கு முன் அவரை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் லீகில் இன்ஜுர்டு லிஸ்ட் (காயப் பட்டியல்) வீரர்களுக்குத் தனி இடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் பத்தாம் சுற்றில் துணிந்து எடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு மாதம் பெஞ்சை அடைத்துக்கொண்டிருப்பார்.

இணையதளங்கள் காட்டும் சராசரி டிராஃப்ட் நிலையை, அதாவது ஒரு வீரரைப் பொதுவாக எத்தனையாவதாக எடுக்கிறார்கள் என்ற எண்ணை, ஞாயிறன்று நம்பாதீர்கள். அது முந்தைய வாரங்களின் டிராஃப்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட எண். காயத்துக்கு முன் அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தவர்கள் அனைவரும் அதற்குள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் நண்பர்கள் அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தால் ஏமாறட்டும்.

பதில்: அம்பை வாசகர்

வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதை நானும் வழிமொழிகிறேன். நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நியூ ஜெர்சி நண்பர்கள் சனிக்கிழமை மாலை 7 மணி என்று குறித்திருந்தால், மாற்றத்துக்கு முன் நமக்கு அது ஞாயிறு காலை 5.30, மாற்றத்துக்குப் பின் 4.30.

பாளையங்கோட்டைக்காரன்

தனி இடம் இரண்டு உண்டு, விதிகளில் பார்த்துவிட்டேன். இளம் பேட்டரைத் தக்கவைக்கிறேன். பிட்சரைப் பற்றி வியாழன் மாலை வரை காத்திருந்து, செய்தி வராவிட்டால் விட்டுவிடுகிறேன். அவருடைய அணியில் ஐந்தாம் ஸ்டார்ட்டர் இடத்துக்குப் போட்டியிடும் இருவரின் பயிற்சி ஆட்டங்களை இன்றிரவு முதல் பார்க்கத் தொடங்குகிறேன்.